உறுதி செய்தவர்

“உன் கண்ணை நம்பி ஒரு நட்சத்திரத்தை வெடிக்க விட முடியாதும்மா.”

வாசகப் பெருமக்களே, அருகே வாருங்கள். இந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். சொன்னவர் வானாய்வு நிலையத்தின் இயக்குநர். கேட்டுக்கொண்டு நின்றவர், அந்த நட்சத்திரத்தை முதலில் கண்ட ஆய்வாளர். அவர் செய்த குற்றம் ஒன்றே: பெண்ணாகப் பிறந்தும், அடுப்பைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துவிட்டார்.

“என் கண்ணை நம்ப வேண்டாம் சார், படத்தை நம்புங்க.” ஆய்வாளர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். “இது போன மாசம் எடுத்தது. இது நேத்து எடுத்தது. அதே விண்மீன் திரள்தான். இந்த ஓரத்துல புதுசா ஒரு புள்ளி இருக்கு பாருங்க.”

“தூசியா இருக்கும்.”

“கேமராவை மாத்தி எடுத்தேன். அப்பவும் இருக்கு.”

“சிறுகோள் ஏதாவது குறுக்கே போயிருக்கும்.”

“போறதா இருந்தா நகரணுமே சார். விடிய விடிய எடுத்துப் பாத்தேன், இம்மிகூட நகரலை. இது சூப்பர்நோவாதான். ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் சாகுது.”

“பொம்பளை பாத்தா நட்சத்திரம்கூட உயிரை விட்டுடுது சார்,” என்றார் துணை இயக்குநர். மேலதிகாரி எள் என்பதற்கு முன்பே எண்ணெயாக நிற்கும் அவருக்கு, நிலையத்தார் இட்ட பெயர் ஆமாஞ்சாமி.

ஆயினும் இயக்குநர் விவரம் தெரியாதவர் அல்லர். காலையில் படத்தைப் பார்த்தவுடனேயே புள்ளி மெய்யானது என்று தெரிந்துகொண்டிருந்தார். ஆகவேதான் அறிவிப்பைத் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார்: கண்டுபிடித்தவர் இயக்குநர்; உடனிருந்து உதவியவர் ஆய்வாளர். இரவெல்லாம் கண் விழித்தது உதவியாம். விடிந்தபின் வந்து காபி குடித்தது கண்டுபிடிப்பாம்.

“உன் பேர் வெளியில எடுபடாதும்மா. என் பேர்ல போனா நாலு பேர் நம்புவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“ஆமாம் சார்,” என்றார் ஆமாஞ்சாமி, யாரும் கேட்காமலே.

ஆய்வாளர் அசையவில்லை. “கழுகுக்கண் உறுதி செஞ்சா என் பேரைப் போடுவீங்களா?”

விண்மீன் வெடிப்புகளை உறுதி செய்வதில் உலகப் புகழ் பெற்ற அந்த நிபுணரை நேரில் கண்டவர் எவருமில்லை. இணையத்தில் கழுகுக்கண் என்ற புனைபெயர் மட்டுமே உலவியது. பூமியின் மறுபக்கத்துத் தொலைநோக்கி ஒன்றைக் கணினி வழியாகவே இயக்கி, புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அறிஞர். அந்தத் தீர்ப்பு இதுவரை பிசகியதில்லை.

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவரா? அவர் மனுஷனே இல்லம்மா, தெய்வம். அவர் எழுதினதை வெச்சுத்தான் மாநாட்டுல நான் கைதட்டலே வாங்கினேன். அவர் யார் பேரைச் சொல்றாரோ அதையே போடறேன், போதுமா?”

“காலையிலேயே அவங்களுக்கு அனுப்பிட்டேன் சார். தொலைநோக்கி இருக்கிற இடத்துல இப்ப ராத்திரி. பாத்துட்டு இருக்காங்க.”

தம் பெயரைத்தான் கழுகுக்கண் சொல்வார் என்பதில் இயக்குநருக்கு ஐயமே இல்லை. புகைப்படத்துக்குத் தயாராகத் தம் மனைவியைக் கைப்பேசியில் அழைத்தார்.

“பத்திரிகைக்காரங்க வருவாங்க. நீலச் சட்டையைத் தேச்சு டிரைவர்கிட்ட குடுத்தனுப்பு… என்ன, வேலையா இருக்கியா? அங்க என்ன வானமா இடிஞ்சு விழுது?” இணைப்பைத் துண்டித்தார். “இவளுக்கு வீட்ல உக்காந்து என்னதான் வேலையோ.”

“சீரியல் சார்,” என்றார் ஆமாஞ்சாமி.

சற்று நேரத்தில் ஆய்வாளரின் கணினிக்குத் தீர்ப்பு வந்தது. அவர் அதை உரக்கப் படித்தார்.

“ஹைட்ரஜன் தெரிகிறது, அது வெடித்துச் சிதறும் வேகமும் தெரிகிறது. ஐயமில்லை, சூப்பர்நோவாதான். கண்டவர் பெயராக ஆய்வாளரின் பெயரே இருக்க வேண்டும். வேறு பெயர் வருமானால் என் சான்று செல்லாது. ஆட்சேபம் இருந்தால் இயக்குநர் இந்த எண்ணில் பேசலாம்.”

இயக்குநரின் முகம் சுருங்கி, மறுபடி விரிந்தது. “நம்பர் குடுத்திருக்காரா? அப்ப நான் பேசிக்கறேன். ஆம்பளைக்கு ஆம்பளை பேசினா முடியாதா?”

“என்ன சார் பேசுவீங்க?” என்றார் ஆய்வாளர்.

“பொம்பளைக்குப் பேரெல்லாம் எதுக்குங்கன்னு கேப்பேன். அவருக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா இல்ல, புரிஞ்சுப்பார்.”

“நம்ம ஊர் நம்பர் மாதிரி இருக்கே சார்,” என்று இழுத்தார் ஆமாஞ்சாமி.

“பெரிய மனுஷன்யா. ஊருக்கு ஒரு நம்பர் வெச்சிருப்பார். நீ படி.”

ஆமாஞ்சாமி படிக்கப் படிக்க, இயக்குநர் எண்களை அழுத்தினார். நாலு பேர் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார். மணி அடித்தது. தம் மனைவியின் எண்ணுக்கு அவர் என்றோ இட்டு வைத்த பெயர் திரையில் ஒளிர்ந்தது: “வீடு”.

“சட்டை அப்புறம்,” என்றது அறை முழுதும் கேட்ட குரல். “எந்தப் பேரை மாத்தணும், சொல்லுங்க.”

வாசகரே, அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் கைப்பேசியை எடுங்கள், உங்கள் மனைவியின் எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், அங்கே அவர் பெயர் இல்லையானால் இப்போதே எழுதுங்கள்.