கடை பூரா தப்பு

"சீஸ்ல கடைசி ஈ எங்க?"

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் மேடம் கேட்டது பேக்கரி மாஸ்டரை. அவர் ரொட்டித் தட்டை அடுக்கிக்கொண்டே, சாக்பீஸால் தான் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்த விலைப் பலகையை நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பேக்கரியில ஈ இல்லைன்னா நீங்க சந்தோஷப்படணும் மேடம்."

மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. தலைமை ஆபீஸிலிருந்து பெரிய சார் வருகிற நேரம். வந்தால் முதலில் பார்ப்பதே இந்தப் பலகைகளைத்தான். பக்கத்துக் கிளையில் ஒரே ஒரு பலகையில் தப்பு. அந்த மேனேஜர் இப்போது குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"அழிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க மாஸ்டர்."

"எதுக்கு மேடம்? ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் எழுதறான். கொஞ்ச நாள் போனா அகராதிக்காரனே ஏத்திக்குவான்."

"அவன் ஏத்தும்போது ஏத்தட்டும். அதுவரைக்கும் தப்பு தப்புதான்!"

மேடம் விறுவிறுவென்று மீன் செக்‌ஷனுக்குப் போனார். அங்கே 'ஃப்ரெஷ்' என்ற சொல்லில் ஒன்றுக்கு இரண்டு ஈ.

"இங்க எப்படி ஒண்ணு கூடுதலா வந்துச்சு?"

மீன்கார அண்ணன் கத்தியை நிறுத்தவே இல்லை. "பேக்கரியில இருந்து பறந்து வந்திருக்கும் மேடம்."

"விளையாடாதீங்கண்ணே! நேத்து வரைக்கும் என் மெயில்லயே தப்பு கண்டுபிடிச்ச ஆளு நீங்க."

"நேத்து எனக்கு விவரம் பத்தல மேடம். மொழின்னா மாறத்தான் செய்யும்."

பில் கவுண்டரில் தொங்கிய நன்றி அட்டையைப் பார்த்ததும் மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டார். 'தேங்க் யூ'வில் 'யூ'வுக்கு ஒற்றை எழுத்துதான் இருந்தது.

"மூணெழுத்து போட உனக்குக் கை வலிக்குதா?"

"போன்ல எல்லாரும் ஒரே எழுத்துதானே மேடம் போடறாங்க?" என்றாள் பில் கவுண்டர் பெண். "நிறைய பேர் எழுதினா அதுதான் இங்கிலீஷ்."

இது தற்செயல் இல்லை என்று மேடத்துக்குப் புரிந்துவிட்டது. நேற்று கடை மூடும்போது இந்த மூன்றும் தப்பில்லாமல் இருந்தன. லேட்டாக வந்தால் கேள்வி கேட்கிறாள், டீ குடிக்கப் போனால் வாட்ச்சைப் பார்க்கிறாள் என்று இவர்களுக்குக் கடுப்பு. பெரிய சார் முன்னால் மானத்தை வாங்கி, தன்னையும் குடோனுக்கு அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

"சரி. நானே அழிக்கிறேன். நானே எழுதறேன்."

டஸ்டரை எடுத்துக்கொண்டு திரும்பினார். முதலில் கண்ணில் பட்டது காய்கறிப் பலகை.

காய்கறி அக்கா அதன் முன்னால் சாக்பீஸோடு நின்றிருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் ஆபரேஷன் முடிந்து, இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். பலகையில் தக்காளி, முட்டைக்கோஸ், கேரட் எல்லாமே இங்கிலீஷில் எழுத்து முன்னும் பின்னுமாய்க் கிடந்தன.

"என்னக்கா, நீங்களுமா?"

"நானுமா இல்ல மேடம், நான் மட்டும்தான்னு நெனச்சேன்." அக்கா சிரித்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் எழுத்தெல்லாம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. எடை போடறது, கணக்குப் பார்க்கறது எல்லாம் பழையபடி வருது. எழுத வந்தா மட்டும் குழம்புது. பெரிய சார் இன்னிக்கு என்னைப் பார்க்கத்தானே வர்றாரு? தேறலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாராமே. ராத்திரி பூரா தூங்கல மேடம்."

'நீங்களே நேர்ல வந்து பார்த்து முடிவு பண்ணுங்க சார்' என்று போனில் சொன்னது மேடம்தான். பலகைக் கவலையில் அதை மறந்தே போயிருந்தார்.

அக்கா கடையைச் சுற்றிக் கை காட்டினார்.

"காலையில வந்து பார்க்கறேன், எல்லாப் பலகையும் என்னுது மாதிரியே இருக்கு! அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அப்ப நான் எழுதறது சரிதானே மேடம்?"

மீன் வெட்டும் சத்தம் நின்றிருந்தது. பேக்கரி மாஸ்டர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பில் கவுண்டர் பெண் மிச்சச் சில்லறையைக் கொடுக்காமல் மேடத்தின் கையிலிருந்த டஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்... சரிதான்க்கா," என்று சொல்லிவிட்டு மேடம் விறுக்கென்று தன் அறைப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் வாசல் கதவு திறந்தது. பெரிய சார் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றினார். காய்கறியைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்ன கண்றாவி இது? ஒருத்தருக்குக்கூடவா ஒழுங்கா எழுத வரல? மேனேஜர் எங்க?"

"இங்க இருக்கேன் சார்."

மேடம் தன் அறை வாசலில் நின்று மார்க்கரை மூடிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் எல்லாரும் இப்படித்தான் சார் எழுதறோம். பழகிடுச்சு."

அவருக்குப் பின்னால், கதவில் புதிதாக ஒட்டிய காகிதத்தில், 'மேனேஜர்' நடுவே ஒரு ஈ கூடுதலாக உட்கார்ந்திருந்தது. மை இன்னும் காயவில்லை.