முதலில் தேட வேண்டிய இடம்

“தொட்டுடாதே பிஜோய்! அந்த ஃபோல்டரை அழிச்சே, கடல்ல இருக்கிற ஒரு படகுக்கும் செய்தி போகாது!”

ஷைனி போட்ட சத்தத்தில் பிஜோயின் விரல் கீபோர்டிலிருந்து தானாக எழும்பிவிட்டது.

“பின்னே என்னதான் பண்ணட்டும் சேச்சி? மூணு மணிக்குத் தணிக்கை. வேலையில இல்லாதவங்க ஃபோல்டர் ஒண்ணுகூட சர்வர்ல இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. பதினொண்ணை அழிச்சாச்சு. சுதீஷ் சேட்டனோடது மட்டும் நந்தி மாதிரி குறுக்கே நிக்குது.”

“அவன் உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே நின்னான்? செத்தும் என் உசுரை வாங்குறான்!”

பிஜோய்க்குச் சுருக்கென்றது. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் பைக் சறுக்கி இறந்துபோன மனிதனை இப்படியா பேசுவது? ஆனால் ஷைனிக்கும் சுதீஷுக்கும் ஆகாது என்பது கொல்லம் துறைமுகத்தின் எதிரே இருந்த அந்தச் சின்ன அலுவலகம் முழுக்கத் தெரியும். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை. அவனுடைய பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வாட்ச்மேன் உட்பட எல்லோரும் போனார்கள். ஷைனி மட்டும், “எனக்கு வேலை இருக்கு” என்று அலுவலகத்திலேயே இருந்துகொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு வேனில் பேசாத வாய் இல்லை.

காற்று வலுத்தால் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஷைனியும் சுதீஷும் சேர்ந்து எழுதியது. அதன் தலைப்பில் ஒரு பட்டியல் உண்டு. வேண்டிய ஃபைலை முதலில் எந்த ஃபோல்டரில் தேடுவது, அங்கே இல்லையென்றால் அடுத்து எங்கே என்று வரிசையாக எழுதியிருக்கும். அதில் முதல் இடம் சுதீஷின் ஃபோல்டருக்கு. காலையில் பிஜோய் அந்த ஃபோல்டரின் பெயரைச் சும்மா மாற்றிப் பார்த்தான். ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் படுத்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு பழைய பெயரையே வைத்தான்.

“வேண்டிய ஃபைலை மட்டும் பொது ஃபோல்டருக்கு மாத்திட்டா என்ன சேச்சி?”

“ஒண்ணா ரெண்டா? குப்பை மாதிரி இறைச்சு வச்சிருக்கான். பிரிச்செடுக்க எனக்கு ஒரு மாசம் வேணும்.”

“இதையேதான் ஓணத்துக்கும் சொன்னீங்க, கிறிஸ்துமஸுக்கும் சொன்னீங்க!”

“இப்பவும் சொல்றேன். சாயா குடிக்கிறியா?”

இந்த நேரத்தில் சாயாவா! பிஜோய்க்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மாதக் கடைசியில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. தணிக்கையில் அவன் பெயரில் ஒரே ஒரு குறை விழுந்தாலும் நீட்டிப்புக் கிடையாது என்று இயக்குநர் காலையில்தான் முகத்துக்கு நேராகச் சொன்னார். வீட்டில் சௌம்யாவுக்கு எட்டாவது மாதம்.

ஷைனி கேண்டீனுக்குப் போனாள். மணி இரண்டு ஐம்பது.

வருவது வரட்டும் என்று பிஜோய் ஸ்க்ரீனை இழுத்துக்கொண்டான். எந்த ஃபைலை எங்கிருந்து எடுத்தாய் என்று புரோகிராமையே கேட்டால் அது சொல்லிவிடும். கேட்டான். இருபத்தேழு பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். பொது ஃபோல்டர், பொது ஃபோல்டர், பொது ஃபோல்டர்... சுதீஷின் ஃபோல்டரிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்!

‘அட, இவ்வளவுதானா? இதுக்கா ஆறு மாசமா இழுத்தடிச்சாங்க?’ நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இந்த ஒன்றை மட்டும் இடம் மாற்றினால் போதும், இரண்டு நிமிஷ வேலை. மாற்றும் முன் உள்ளே என்னதான் இருக்கிறதென்று திறந்து பார்த்தான்.

பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“இங்க சர்வர் யாரோட பொறுப்பு?”

தணிக்கை அதிகாரி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காகிதத்தில் இருந்த பெயர்களை ஸ்க்ரீனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தவரின் பேனா ஓரிடத்தில் நின்றது.

“இந்த சுதீஷ் யாரு? ஆள் இல்லையே. ஃபோல்டர் மட்டும் ஏன் இருக்கு?”

வாசலில் இரண்டு சாயா கிளாஸ்களோடு ஷைனி நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பிஜோய் அவளைப் பார்த்தான், ஸ்க்ரீனைப் பார்த்தான்.

“அதை அழிக்க முடியாது சார். அழிச்சா புரோகிராம் நின்னுடும். படகுங்க கடல்ல இருக்கு.”

“வேற இடத்துக்கு மாத்த வழியே இல்லையா?”

“இல்லை சார்.”

“அப்போ உங்க பேர்ல ஒரு குறை எழுதுவேன். பரவாயில்லையா?”

“எழுதிக்கோங்க சார்.”

அவர் எழுதிக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனார். ஷைனி வந்து சாயாவை மேஜைமேல் வைத்தாள். அப்போதுதான் ஸ்க்ரீனில் திறந்தபடியே கிடந்த ஃபைல் அவள் கண்ணில் பட்டது.

அதில் ஓர் எழுத்துகூட இல்லை. உண்டாக்கியவர் பெயர் ஷைனி என்றும், தேதி சுதீஷின் பதினாறாம் நாள் என்றும் மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.