திங்கட்கிழமை வெடி

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் வாரம் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் மட்டும் சைலன்சரில் படார் படாரென்று வெடித்தது. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய பிறகு இது மூன்றாவது திங்கள். இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் விற்றுவிடுவது என்று அனுப்பிரியா முடிவுசெய்திருந்தாள்.

முன்பு இன்ஜினுக்குத் தீப்பொறி தந்த பாயின்ட் செட்டை ஞாயிறுதோறும் அப்பாதான் பார்ப்பார். தன் பனியன் கம்பெனியின் விலை அட்டை ஒன்றைப் பாயின்ட் நடுவே சொருகி இடைவெளியை அளப்பார். அவர் இறந்தபின் அதற்கு ஆளில்லை. அந்த வேலையே வேண்டாமென்றுதான் எலக்ட்ரானிக்குக்கு மாறினாள்.

ராயபுரம் மெக்கானிக் ஜெயபாண்டி மூடியைக் கழற்றினான்.

"நான் வச்ச இக்னிஷன் தட்டு மறுபடியும் திரும்பியிருக்குக்கா. பொறி விழுற டைமிங் மாறினா வெடிக்கத்தான செய்யும்? யாரு கை வச்சது?"

"வண்டி ஊட்டுக்குள்ளதானுங்க நிக்குது. சாவி எங்கிட்டத்தான் இருக்குது."

தட்டுக்குப் பின்னால் ஒரு விலை அட்டை கிடந்தது. எங்கெங்கோ நுழைத்துப் பார்த்ததுபோல் அதன் முனைகள் மடங்கியிருந்தன. அனுப்பிரியா துடைத்துப் படித்தாள். அப்பா காலத்து அட்டை இல்லை. புது சீசனுக்காகக் கம்பெனிக்குச் சனிக்கிழமைதான் அச்சாகி வந்தது. இன்னும் ஒரு பனியனில்கூட ஏறவில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஜெயபாண்டியிடம் சொன்னாள்.

"பழைய பாயின்ட்டையே மாட்டிடுங்க."

"மாட்டிரலாம்க்கா. வாராவாரம் இடைவெளி பாக்கணுமே, அதுக்கு ஆளு வேணாமா?"

அவள் அட்டையின் முனைகளை நீவி நேராக்கி, டூல் பாக்ஸில் வைத்தாள்.

"அதுக்கு ஆள் இருக்குதுங்க."