தண்ணீர் டேங்க் தெரியவில்லை

சவூதியில் அல் கோபார் பக்கம், எழுபத்தாறாம் வருஷத்து ஜூன் மாதப் பிற்பகல் இது, கண்ணுகளா. குளிர்காலத்தில் மூடுபனி மறைக்கும் வானத்தை இப்போது வடக்கிலிருந்து வரும் புழுதிக்காற்று மறைக்கிறது. சூரியன் துலக்காத பித்தளைத் தட்டாக மங்கிக் கிடக்கிறது. விமானத்தளத்து வானிலை நிலைய மொட்டைமாடியில் பத்மநாபன் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். அரை மைலில் பள்ளிவாசல் மினாரா, ஒரு மைலில் தண்ணீர் டேங்க். எதுவரை தெரிகிறதோ அதைப் பதிவேட்டில் எழுதுவதுதான் அவருக்கு வேலை. டேங்க் தெரியாவிட்டால் பம்பாய் விமானம் இங்கே இறங்காது. அதில் ஊருக்குப் போகவேண்டிய அவர் மனைவி நீலா பெட்டியோடு பின்னால் நிற்கிறாள். அவள் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று தஞ்சாவூரிலிருந்து வந்த தந்தி அவள் கையில் கசங்குகிறது.

“ஏன்னா, டேங்க் தெரியறதா?”

“தெரியலைடி.”

“அது எங்கேயும் ஓடிப் போயிடலையே. தெரியறதுன்னு எழுதிடுங்கோளேன்.”

“பைலட் அதை நம்பின்னா இறங்குவான், நீலா.”

அவள் உதட்டில் மணல் படிகிறது. அவர் பேனாவைத் திறக்கிறார். காற்று பதிவேட்டின் தாளைப் படபடவென்று தூக்குகிறது. நீலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் எழுதுவதற்குத் தோதாக, அந்தத் தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.