மூன்று பூச்சு வெள்ளை

சபையின் பின்னறையில் மனைவி தன் கணவரின் முகத்துக்கு மூன்றாவது பூச்சு வெள்ளைச் சாயம் பூசினாள்.

"இன்னும் அழுத்திப் பூசு. ஒரு பிள்ளைக்கும் அடையாளம் தெரியக் கூடாது."

"நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும்."

"ஆண்டவரே, இன்னைக்காவது பிள்ளைங்க என்னைப் பாத்துச் சிரிக்கணும்" என்று ஜெபித்துவிட்டு, சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு மேடையேறினார்.

இரண்டு தடவை தடுக்கி விழுந்தார். அடுத்து வாளிக்குள் கால் மாட்டிக்கொண்டது. ஞாயிறு பள்ளியே உருண்டு சிரித்தது. முன்வரிசைச் சிறுமிக்கு வாய் மூடவே இல்லை.

கோமாளி குனிந்து உற்றுப் பார்த்தார். "கடவாய்ப் பல்லுல சொத்தை இருக்கே, பாப்பா!"

"ஐயோ, பல் டாக்டர்!" அத்தனை பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சிறுமி மட்டும் மெல்லக் கையை எடுத்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன், டாக்டர் மாமா. ஆனா நீங்க இதே மூக்கோட இருக்கணும்!"