தாணுவின் மூக்குத் துண்டு

கிழக்கேகோட்டை மதிலோரம் தாணுவின் பழைய சின்ன லாரி நிற்கிறது. தோவாளையிலிருந்து கோயிலுக்குப் பிச்சிப்பூ கொண்டுவரும் வண்டி. மற்ற கூடைகள் உள்ளே போய்விட்டன. இருக்கைக்குப் பின்னால் வைத்த ஒன்று மட்டும், ஆள் வந்து எடுக்கப் பாக்கி. வண்டி சும்மா நின்றாலே பெட்ரோல் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. மெக்கானிக் யேசுவடியான் இருக்கையைத் தூக்கி வைத்துவிட்டு, அதன் அடியிலுள்ள டாங்கிமேல் குனிந்திருக்கிறார். மூடியிலுள்ள சின்னத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, பற்றவைத்த விளிம்பு நெடுகச் சோப்பு நுரையைத் தடவுகிறார். காலை வெயிலில் டாங்கி சூடேறுகிறது. ஓரிடத்தில் மட்டும் நுரை மெல்ல உப்பி, நிறம் காட்டி, உடைந்து, மறுபடி உப்புகிறது.

“ஆவியாட்டுல்லா போவுது. இம்புட்டு நாத்தம் ஒமக்குத் தெரியலியா வே?”

“சாமிக்குள்ள பூவை மோந்துரப்படாதுல்லா மேஸ்திரி,” என்கிறான் தாணு. மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துண்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. “கடைசிக் கூடை இறங்குத வரைக்கும் இதை அவுக்க மாட்டேன்.”

கூடையோரம் உதிர்ந்து கிடந்த ஒரு பிச்சிப்பூவை யேசுவடியான் எடுத்து முகர்கிறார். முகம் சுளித்து, டாங்கியையும் அந்தக் கூடையையும் மாறிமாறிப் பார்க்கிறார். தாணு அவர் முகத்தைப் பார்க்கிறான். உள்ளே சங்கு ஊதுகிறது. கோயில் ஆள் ஈரத்துண்டோடு வாசல் தாண்டி வருகிறார். தாணு பிடரிக்குக் கை கொண்டுபோய் முடிச்சை அவிழ்க்கிறான். கூடைக்குள் முகத்தைப் புதைத்து நீளமாக மூச்சிழுக்கிறான்.

“மோந்துட்டியேடா! இனி இது சாமிக்கு ஆகாதே!” என்கிறார் கோயில் ஆள்.

“ஆகாது,” என்கிறான் தாணு, நிமிராமலே.