கோட்டைக்குள் ஒரு கழிவறை

கயிறு கதவைத் தட்டியபோது அப்பா கழிவறையில் இருந்தார். உட்கார வைத்தது மகள்தான்.

கயிறு என்பது தொல்லியல் அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர். கோட்டைச் சுவருக்குள் யார் வீட்டில் கடப்பாரை விழுந்தாலும் வந்து நிற்பார். பழசு ஏதாவது தலைகாட்டினால் சுற்றிலும் கயிறு கட்டிவிடுவார். சாக்கடைக்குத் தோண்டி இரண்டு பானை ஓடுகளைக் கண்ட தையல்காரர் குடும்பம் இன்னும் கோட்டைக்கு வெளியே வாடகை வீட்டில் கிடக்கிறது.

அவள் வீட்டில், கீழே கழிவறை கட்டத் தோண்டியபோது வந்தது ஓடு இல்லை. படிக்கட்டு. ஆள் நீளக் கருங்கல், நடுவில் காலடி பட்டுத் தேய்ந்த பள்ளம். கொத்தனார் பார்த்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

அப்பாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் இருந்த ஒரே கழிவறை மாடியில். அவரை முதுகில் தூக்கிக்கொண்டுதான் ஏறுவாள். கேஸ் சிலிண்டரை விடக் கனம் குறைவுதான் என்பாள். அவர் சிரிக்கமாட்டார்.

ராஜா இறங்கிய படியா, மந்திரி இறங்கிய படியா, அவளுக்குக் கவலையில்லை. அதில் இறங்கியவர்கள் எல்லாரும் செத்தாயிற்று. அப்பா இருக்கிறார்.

படிக்கட்டின் மேல் மணலைக் கொட்டினாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. போதும் என்று நிறுத்தி, கொத்தனாரை மிரட்டித் தளம் போட வைத்து, பீங்கானைப் பதித்தாள்.

புதுத் தளத்தைக் கயிறு தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் உடைக்கச் சொல்வார். ஆனால் பெரியவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எந்த அதிகாரி போய்த் தட்டுவார்? பழசு எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கயிறு கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். அவளும் சளைக்கவில்லை. வயசானவருக்கு நேரமாகும் சார் என்று சொல்லி மறுபடியும் பால் வைத்தாள்.

"அந்த ஆளு போயிட்டானா? காலு மரத்துப் போச்சு."

உள்ளேயிருந்து அப்பா.

அவள் திரும்பவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

கயிறு எழுந்து கழிவறை வாசலுக்குப் போனார். குதிகாலால் தரையை ஒரு தட்டு. பொள்ளென்று, அடியில் வெற்றிடம்போல் கேட்டது.

"படி எந்தப் பக்கமா இறங்குதும்மா?"

பின் தெருப் பக்கம் என்றாள், நிமிர்ந்தே. கயிறு கட்டுவதென்றால் அப்பாவையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு வண்டி மணல் கொட்டி நல்லா அடைச்சிடுங்க. உங்க கடப்பாரைச் சத்தம் பின் தெருவுல எங்க வீட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில கேட்டுது."